ஹெல்மெட்டுக்குள் மூன்று பேர்

பைக் ஓட்டும் கணவர்களுக்கு ஆண்டவன் கொடுத்திருந்த ஒரே சலுகை, காற்று.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சொல்வது முன்னால் இருப்பவர் காதில் விழாது. "வர்ற வழியில தேங்கா வாங்கணும்னு சொன்னேனே?" என்று வீட்டு வாசலில் வந்து கேட்டால், "காத்துல கேக்கலை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் செருப்பைக் கழற்றலாம். கல்யாணமாகி ஏழு வருஷம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் குடும்பம் நடத்தினேன். எல்.ஐ.சி. பிரீமியம், சின்ன மாமியார் வீட்டுக் கிரகப்பிரவேசம், பால் பாக்கி எல்லாமே காற்றோடு போனவைதான்.

2023 தீபாவளிக்கு அந்தச் சலுகை பறிபோனது. பறித்தவன் என் மச்சினன்.

அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். சனி, ஞாயிறு வந்தால் பெரிய பைக்கில் கூட்டமாக எங்காவது மலைக்குப் போகிற கோஷ்டி. தீபாவளிக்கு வந்தவன் ஒரு டப்பாவை நீட்டினான். "அத்தான், உங்களுக்கும் அக்காவுக்கும். ஹெல்மெட் இன்டர்காம். ஆளுக்கு ஒண்ணு."

வேட்டி சட்டையை எதிர்பார்த்திருந்த எனக்கு, டப்பாவுக்குள் இரண்டு தீப்பெட்டி சைஸ் மிஷின்களும், நாலு வட்ட ஸ்பீக்கர்களும், மூக்குப்பொடி டப்பா மூடி மாதிரி ஒரு மைக்கும் கிடைத்தன. மச்சினனே உட்கார்ந்து மாட்டினான். மாட்டும்போது ஒரு நல்ல விஷயம் சொன்னான். ஹெல்மெட்டுக்குள் துணிக்கு அடியில் தெர்மோகோல் மாதிரி ஒரு கனமான பட்டை இருக்கிறதல்லவா, அதுதான் விழும்போது மண்டையைக் காப்பாற்றுவது. ஸ்பீக்கர் உட்காரவில்லை என்று அதைப் பிளேடால் குடையக் கூடாது. காதுக்கு நேரே கம்பெனிக்காரனே பள்ளம் விட்டிருந்தால் வைக்கலாம், இல்லாவிட்டால் வேறு ஹெல்மெட் வாங்க வேண்டும். "பாட்டுக்காக மண்டையை விக்கக் கூடாது அத்தான்."

"ரேஞ்ச் எவ்வளவு?" என்று கேட்டேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

"முந்நூறு மீட்டர்."

என் மனைவி பின் ஸீட்டில் உட்காருகிறவள். எங்களுக்குள் இருக்கும் தூரம் முந்நூறு மீட்டர் இல்லை, அரை அடி. இனிமேல் அரை அடியிலும் தப்பிக்க வழியில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

* * *

மறுநாளே வெள்ளோட்டம். பாளையங்கோட்டையிலிருந்து மாமனார் ஊரான ஆதிச்சநல்லூருக்கு. சுமார் இருபது கிலோமீட்டர். திருச்செந்தூர் ரோட்டில் ஏறினால் கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், அடுத்தது மாமனார். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடலாம். ஆனால் புது மிஷின் வந்திருக்கிறதே! போனை ஹாண்டில்பாரில் மாட்டி, மேப்பைப் போட்டு, புளூடூத்தை இணைத்து, ஜெட் விமானம் ஓட்டுகிறவன் மாதிரி கிளம்பினேன்.

அன்றைக்கு ஹெல்மெட்டுக்குள் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, மேப் அம்மணி.

"நேராகச் செல்லவும்" என்றாள் அம்மணி.

"என்னங்க, கேஸை ஆஃப் பண்ணினீங்களா?" என்றாள் மனைவி.

"நானூறு மீட்டரில் நேராகச் செல்லவும்."

"அத்தைக்கு அல்வா வாங்கலையே?"

"தொடர்ந்து நேராகச் செல்லவும்."

"அந்தப் பொம்பளைய நிறுத்துங்க முதல்ல. நான் பேசிட்டிருக்கேன்ல?"

ஒரு தலைக்குள் இரண்டு பேர் கட்டளை போட்டால் வண்டி ஓட்டுகிறவன் கதி என்ன என்பதை ஆபீஸில் இரண்டு மானேஜர்களிடம் வேலை பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மாமனார் தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கப்பலில் இறங்கும் மூட்டைகளை முப்பது வருஷம் எண்ணியவர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் நம்புவார். வாசலில் நின்று என் ஹெல்மெட்டை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது அது.

"ஏன் மாப்ளே, இந்த ஊர்ல மூவாயிரம் வருஷமா ஆளு இருக்கு. வெள்ளைக்காரன் மேப்பு இல்லாமலே வந்து தோண்டிட்டுப் போனான். இருபது கிலோமீட்டர்ல இருந்து வார மாப்பிள்ளைக்கு மேலேர்ந்து ஆள் வழி சொல்லணுமாக்கும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆதிச்சநல்லூர்ப் பறம்புக்கு 1876-ல் பெர்லினிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து தாழிகளைத் தோண்டி எடுத்துப் போனார். 1899-க்குப் பிறகு அலெக்ஸாண்டர் ரீ வந்து வருஷக்கணக்கில் தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு ஆயுதம் என்று அள்ளினார்கள். நூற்றிப் பதினாலு ஏக்கர் முழுக்கத் தாழிகள். நம்மாட்கள் 2004-ல் தோண்டினார்கள், 2021-ல் மறுபடி தோண்டினார்கள், 2023 ஆகஸ்டில் தோண்டின இடத்திலேயே கண்ணாடித் தரை போட்டு மியூஸியம் திறந்துவிட்டார்கள். கண்ணாடி மேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழி.

செத்தவருக்குப் பக்கத்தில் சாப்பாட்டுச் சட்டி, வேல், கத்தி எல்லாம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். போகிற வழிக்குத் துணை வேண்டுமே என்றுதான் வைத்திருப்பார்கள் போல. வழித்துணை இல்லாமல் யாரையும் அனுப்பாத ஊர் அது. இதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. ஒரு மாசம் கழித்துத்தான் யோசித்தேன்.

* * *

கதைக்குள் போவதற்கு முன்னால், மேப் அம்மணிக்கு எப்படி நாம் இருக்கும் இடம் தெரிகிறது என்று பார்த்துவிடலாம். நான் காமர்ஸ் குரூப், நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறவன். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

தலைக்கு மேலே சுமார் இருபதாயிரத்து இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காக்காரனின் சேட்டிலைட்டுகள் சுற்றுகின்றன. முதலாவது போனது 1978-ல். இருபத்துநாலும் சேர்ந்து முழு வேலைக்கு வந்தது 1995-ல். ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கிறேன், என் கடிகாரத்தில் இப்போது மணி இத்தனை" என்று கத்திக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். நம் போன் பதிலே சொல்வதில்லை, காதை மட்டும் கொடுக்கிறது. கத்தல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நாலு சேட்டிலைட்டுக்குக் கணக்குப் போட்டால், நாம் நிற்கும் இடம் டாலி ஆகிவிடுகிறது.

கடிகாரம்தான் இதில் கதாநாயகன். அங்கே மேலே பூமியின் இழுப்பு குறைவு, சேட்டிலைட்டின் வேகமோ அதிகம். இரண்டும் சேர்ந்து கடிகாரம் ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு மைக்ரோ செகண்ட் முந்திப் போகுமாம். ஒரு செகண்டைப் பத்து லட்சமாக நறுக்கி, அதில் முப்பத்தெட்டு துண்டு. ஐன்ஸ்டீன் போட்ட கணக்கு இது. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் பிசகிவிடும். பாளையங்கோட்டையில் டீ குடிக்கிற ஆளைச் செய்துங்கநல்லூர்ப் பக்கம் நிற்பதாகச் சொல்லும்.

2000 மே வரைக்கும் ஊராருக்குக் கிடைக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிசகு கலந்துதான் கொடுத்தார்கள். அதை நிறுத்திய பிறகுதான் கார், பைக், மீன்பிடிப் படகு வரை இது வந்தது. நம் நாடும் சும்மா இல்லை. 2013-லிருந்து சொந்தமாகச் சேட்டிலைட் அனுப்பி, 'நாவிக்' என்று பெயரும் வைத்தது. பக்கத்து ஜில்லாவில் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல்லும் நாட்டியாகிவிட்டது.

ஆனால் ஒரு சங்கதி. சேட்டிலைட் சொல்வது, நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும்தான். அங்கே ரோடு இருக்கிறதா, பாலம் இருக்கிறதா என்பது மேப் போட்டவர் சமாச்சாரம். இரண்டும் வேறு வேறு டிபார்ட்மெண்ட். ஒரு டிபார்ட்மெண்டில் நடந்தது இன்னொரு டிபார்ட்மெண்டுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும் என்று ஆபீஸ் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

* * *

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிடித்த மழை ராத்திரியும் விடவில்லை, மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அது அதிகம். தாமிரபரணி கரை ஏறிவிட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ், சுமார் எண்ணூறு பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் தனித் தீவு மாதிரி நின்றுபோனது. பக்கத்து ஊர்க்காரர்கள்தான் தங்கள் வீட்டு அரிசியை வடித்து அவர்களுக்குப் போட்டார்கள்.

அந்த ஸ்டேஷனுக்கும் மாமனார் வீட்டுக்கும் கொஞ்ச தூரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாமியார் போன் பண்ணி, "தெருவுல தண்ணி வருது" என்று சொன்னதுதான் கடைசி. அதற்குப் பிறகு 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என் மனைவி போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் கரண்ட் இல்லை. பெங்களூரிலிருந்து மச்சினன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "ஏதாவது தெரிஞ்சுதா அத்தான்?" என்று கேட்டான். பதில் சொல்ல ஒன்றுமில்லாத கேள்வியை ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் கேட்க முடியும்? அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

புதன்கிழமை மழை தூறலாகக் குறைந்தது. "நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன். மனைவி ஒன்றும் பேசாமல் அவளுடைய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பவர் பேங்கில் மிச்சமிருந்த சார்ஜில் முதலில் போனை ஏற்றினேன், பிறகு என் இன்டர்காமை. அவளுடைய இன்டர்காமுக்கு மிச்சமில்லை. அவள் ஹெல்மெட் வெறும் ஹெல்மெட். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேப்பை முன்பே போனில் இறக்கி வைத்திருந்தேன். டவர் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும் என்று தெரியும், சேட்டிலைட்டுக்கும் டவருக்கும் சம்பந்தமில்லை அல்லவா? அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரன்தான்.

செய்துங்கநல்லூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மெயின் ரோடு அறுந்து கிடந்தது. போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். வண்டியை ஓரமாக நிறுத்தி மேப்பைப் பார்த்தேன். அம்மணி அசரவில்லை. வலது பக்கம் ஒரு கிராமத்து ரோட்டைக் காட்டி, குளத்துக் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் ஊருக்குப் போய்விடலாம் என்று அழகாக நீலக் கோடு போட்டாள்.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். மேப்பில் எங்கே நெரிசல், எங்கே அடைப்பு என்று சிவப்பாகக் காட்டுகிறதே, அது பெரும்பாலும் அந்த ரோட்டில் போகிறவர்களின் போன்கள் அனுப்பும் தகவல். டவரே செத்துக் கிடக்கிற ஊரில் யார் போன் என்னத்தை அனுப்பும்? என் போன்தான் எதை வாங்கும்? வெள்ளம் வருவதற்கு முந்தின கிராமத்தைத்தான் அம்மணி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

உறைக்கவில்லை. நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட். தூறலுக்காக வைசரை இறக்கியிருந்தேன். இரண்டு காதிலும் ஸ்பீக்கர். தண்ணீர் வடிந்த சேற்றுப் பாதையில் ஓரிடத்தில் பெரிய தென்னமட்டை ஒன்று குறுக்கே கிடந்தது. வெள்ளம் கொண்டுவந்து போட்டது என்று நினைத்து, ஓரமாக வளைத்துக்கொண்டு தாண்டினேன்.

"ஐந்நூறு மீட்டர் நேராகச் செல்லவும்" என்றாள் அம்மணி.

அப்போது என் முதுகில் ஓர் அடி விழுந்தது. தட்டல் இல்லை ஸார், அடி. இரண்டு கையாலும் சேர்த்து. பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் சேற்றில் வழுக்கிக் கோணலாகப் போய் வண்டி நின்றது.

முன்னால் ரோடு தொடர்ந்து போவதாகத்தான் என் கண்ணுக்குப் பட்டது. வைசரைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பைக் நீளத்துக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை. ஒரு சின்ன ஓடைப்பாலம் இருந்த இடம் அது. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் மட்டும் மிச்சம். நடுவே பழுப்பு நிறத்தில் தண்ணீர், ரோட்டின் நிறத்திலேயே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"நேராகச் செல்லவும்" என்றாள் அம்மணி.

திரும்பிப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார்.

"ஏ தம்பி! காதுல என்னத்த மாட்டிருக்கிய? அங்க இருந்து தொண்டத் தண்ணி வத்தக் கத்துதேன். மட்டையக் குறுக்கப் போட்டிருக்கேன்ல, அதையும் சுத்திக்கிட்டுப் போறியளே!"

அந்தத் தென்னமட்டை வெள்ளம் போட்டதில்லை. அவர் போட்டது. காலையிலிருந்து மழையில் நின்று வருகிறவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். யாரும் அவரை அந்த வேலைக்குப் போடவில்லை. "நீங்க பதினோராவது வண்டி. மத்த பத்துப் பேரும் நான் சொன்னதும் நின்னுட்டாவ" என்றார்.

நான் நிற்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை. வெறும் ஹெல்மெட் போட்டிருந்த என் மனைவிக்குத்தான் கேட்டிருக்கிறது.

போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி மிகச் சரியாக, இம்மி பிசகாமல், நான் நின்ற இடத்தைக் காட்டியது. நான் எங்கே இருக்கிறேன் என்று இருபதாயிரம் கிலோமீட்டர் மேலே இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. எதிரே பாலம் இல்லை என்று நூறடி பின்னால் கத்தியவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. நான் காதைக் கொடுத்தது மேலே இருந்தவனுக்கு.

* * *

பெரியவர் வண்டியை அவர் வீட்டுத் தொழுவத்தில் நிறுத்தச் சொன்னார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். பேரனைக் கூட அனுப்பினார். பத்தாவது படிக்கிற பையன். குளத்துக் கரை, வாழைத் தோட்டம், அப்புறம் ரயில் பாதை ஓரம் என்று ஒன்றரை மணி நேரம் நடக்க வைத்தான். ஓரிடத்தில் ஜல்லியை எல்லாம் வெள்ளம் அரித்துக்கொண்டுபோய், தண்டவாளம் அந்தரத்தில் கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையனிடம் மேப் இல்லை. எதிரே வருகிறவர்களிடம் எல்லாம், "அண்ணாச்சி, அங்கிட்டுத் தண்ணி எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். முட்டுவரை, இடுப்புவரை, போகாதே என்று பதில் வர வர வழியை மாற்றிக்கொண்டான்.

மாமனாரும் மாமியாரும் பக்கத்து மச்சு வீட்டு மாடியில் பத்திரமாக இருந்தார்கள். மூன்று நாள் தாடியோடு மாமனார் எங்களைப் பார்த்ததும், "போன் எடுக்கலேன்னா உடனே கிளம்பி வந்துருவியளா?" என்று கோபமாகக் கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டார். என் மனைவி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த மூன்று நாளில் அவள் அழுதது அப்போதுதான்.

அன்றைக்கு ராத்திரி மாடியிலேயே படுத்தோம். கரண்ட் இல்லை. நடந்ததைச் சொன்னேன். முதுகில் விழுந்த அடியையும் சொன்னேன். மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு துறைமுகத்துக் கதை ஒன்றைச் சொன்னார்.

தூத்துக்குடிக் கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. அதில் குளித்த பழைய ஆட்கள் சிலரை அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்த்திருக்கிறார். குளிக்கிறவன் கல்லைக் காலில் கொடுத்துக்கொண்டு அடிக்கு இறங்குவான். மூச்சுப் பிடிக்கிற ஒரு நிமிஷம்தான் கணக்கு. தோணியில் ஒருத்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருக்கிறவன் உடனே இழுக்க வேண்டும். அரை நிமிஷம் பராக்குப் பார்த்தால் உயிர் போய்விடும்.

"அந்தக் கயித்த யாரு பிடிப்பா தெரியுமா மாப்ளே? கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்ல. மச்சினன். அண்ணன் தம்பின்னா சொத்துல பங்கு மிச்சம்னு விட்டாலும் விட்டுருவானாம். மச்சினன் விடமாட்டான். விட்டா தாலி அறுக்கிறது அவன் அக்கா, தங்கச்சியில்லா?"

கடற்கரையில் எல்லோரும் சொல்கிற கதைதான். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. கயிறு பேசாது. நேராகப் போ, இடது பக்கம் திரும்பு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்காது. அது சொல்வது ஒரே ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை வரும்போது மறுமுனையில் இருக்கிறவன் கவனம் வேறெங்கும் இருக்கக் கூடாது.

* * *

அதற்காக நான் ஜி.பி.எஸ்.ஸைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. தெரியாத ஊரில், ராத்திரியில், மழையில் அது தெய்வம். கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். முன்னெல்லாம் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரே நேராக வைத்து இடம் கணித்தவர்கள், கரையே தெரியாத தூரத்தில் இப்போது இதை நம்பித்தான் திரும்பி வருகிறார்கள்.

ஆனால் நான் பட்டதை மற்றவர்களும் பட்டிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் கூடலூரில் மேப்பைப் பார்த்துக்கொண்டே வந்த ஒரு கார், படிக்கட்டில் இறங்கி நடுவில் நின்றது. பேப்பரில் படித்துவிட்டு எல்லோரும் சிரித்தோம். அதே வருஷம் நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், ராம்கங்கை ஆற்றில் பாதி அடித்துக்கொண்டு போன பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். மேப்பில் அந்தப் பாலம் முழுசாக இருந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே இப்போது எனக்கென்று சில சட்டங்கள் போட்டு வைத்திருக்கிறேன். பைக்கில் ஆபீஸ் போகிற தம்பிகளுக்குப் பயன்படலாம்.

கிளம்புவதற்கு முன்பே வழியை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட வேண்டும். ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2020 அக்டோபரில் வந்த மோட்டார் வாகன விதிப்படி, ஓட்டும்போது போன் வழி பார்ப்பதற்கு மட்டும்தான், அதுவும் கவனம் சிதறாத மாதிரி. அம்மணியின் பேச்சைக் குறைத்து வைக்கலாம், அதற்கு ஸெட்டிங் இருக்கிறது. போனை ஹாண்டில்பாரில் மாட்டினால் நடுக்கம் தாங்குகிற ஸ்டாண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரிய பைக்கின் அதிர்வில் போன் காமிரா கெட்டுப் போகலாம் என்று 2021-ல் ஆப்பிள் கம்பெனியே எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். தெர்மோகோலைக் குடைய வேண்டாம்.

வெள்ளம், புயல், கலவரம் நடந்த ஊர் என்றால் மேப்புக்கு முன்னால் மனுஷனைக் கேட்க வேண்டும். ஒருவரைக் கேட்டால் போதாது, டாலி கிளார்க் மாமனாரின் மருமகன் நான், இரண்டு பேரைக் கேட்கிறேன்.

முக்கியமானது இன்னொன்று. என் ஹெல்மெட்டில் இடது பக்க ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டேன். வலது காது அம்மணிக்கும் மனைவிக்கும். இடது காது ரோட்டோரத்தில் நிற்கிறவர்களுக்கு. யாராவது கத்தினால் கேட்க வேண்டுமே. அந்தப் பக்கம் பார்க்கிற போதெல்லாம் துண்டு கட்டிய பெரியவர் ஞாபகம் வருகிறது. போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கரும்புக் கட்டோடு போனோம். ஓடைப்பாலத்தைப் புதுசாகக் கட்டிவிட்டார்கள். "இப்ப நேராப் போலாம் தம்பி" என்று சிரித்தார்.

மச்சினன் போனில் கேட்டான். "ஏன் அத்தான் ஒரு ஸ்பீக்கரைக் கழட்டினீங்க? பாட்டு ஸ்டீரியோவுல கேக்காதே?"

"நீ வாங்கிக் கொடுத்தது கயிறுடா. பாட்டுக் கேக்கறதுக்கு இல்லை" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. மாமனாரிடம் கேட்கச் சொன்னேன்.

ஒரு காது காலியானதில் எனக்கு இன்னொரு லாபமும் இருக்கும் என்று நினைத்தேன். போன வாரம் வீட்டு வாசலில் இறங்கியதும், "தேங்கா வாங்கச் சொன்னேனே?" என்றாள் மனைவி. பழைய பழக்கத்தில், "காத்துல கேக்கலை" என்றேன்.

முதுகில் ஒன்று விழுந்தது. உடனே கேட்டுவிட்டது ஸார். வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போனேன்.